காட்பாடியில கஃபே வைக்கலாமா? பால் போடுறவன் கணக்கு

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர், 9 மே 2024

விஐடி பல்கலைக்கழக மெயின் கேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் 600 சதுர அடி கடை ஒன்று காலியாக இருக்கிறது. வாடகை 35,000, பத்து மாத அட்வான்ஸ். நானும் நண்பனும் சேர்ந்து கஃபே போடலாம் என்று யோசிக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் எண்ணிப் பார்த்தேன், ஏழு கஃபே இருக்கிறது. எட்டாவதுக்கு இடம் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

9 மே 2024, இரவு

எண்ணினதே தப்பு தம்பி. போர்டுல கஃபேன்னு எழுதியிருக்கிறதை மட்டும் எண்ணினா ஏழு. டீக்கடை, பேக்கரி, ஜூஸ் கடை, சாயங்காலம் மெஸ் வாசல்ல பஜ்ஜி போடுறவங்க, கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற சாப்பாட்டுக் கடைங்க, எல்லாத்தையும் எண்ணுங்க. பையன் பாக்கெட்டுல இருக்கிற அதே நூறு ரூபாய்க்குத்தான் இத்தனை பேரும் கை நீட்டுறோம்.

நான் யாருன்னு கேட்பீங்க. 2002லிருந்து காட்பாடி, விருதம்பட்டு, பிரம்மபுரம் பக்கம் கடைகளுக்குப் பால் போடுறவன். விடியக்காலம் மூன்றரைக்கு வண்டி எடுப்பேன். எந்தக் கடை ஓடுது, எது ஓடுற மாதிரி நடிக்குதுன்னு கடைக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். நேத்து ரெண்டு டப், அதாவது 48 பாக்கெட் எடுத்தவன் இன்னைக்கு "அண்ணா, பதினஞ்சு பாக்கெட் போதும்"னா விஷயம் முடிஞ்சுது.

நாளைக்கு எழுதறேன். தூங்கணும்.

10 மே 2024

பால் கணக்கு. ஒரு டப்புக்கு அரை லிட்டர் பாக்கெட் 24, அதாவது 12 லிட்டர். காலேஜ் நடக்கிற நாள்ல நம்ம லைன்ல தினசரி போறது இது. கடை பேர் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

கேட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு டீக்கடை: 40 லிட்டர். அதுக்கு நாலு கடை தள்ளி ஒரு பேக்கரி: 55. நீங்க எண்ணின ஏழு கஃபேல நல்லா ஓடுறது: 14. மத்த ஆறும் அஞ்சு, ஆறு, ஏழுன்னு தடவிக்கினு கீது. ஏழையும் கூட்டினா 50 வருது. ஒரு பேக்கரிக்கு ஆகலை.

உடனே சண்டைக்கு வராதீங்க. கஃபேல விக்கிறது எல்லாம் பால் இல்லைன்னு எனக்கும் தெரியும். மொமோஸ், மேகி, ஃப்ரைஸ், வாஃபிள் வேற கணக்கு, அதுல லாபம் ஜாஸ்தி. ஆனா காபி பேரைச் சொல்லிக் கடை வெச்சவனுக்குக் காபி எவ்வளவு போகுதுன்னு பால்தான் சொல்லும்.

உங்க நிஜமான எதிரி பேக்கரி. இதை யாரும் யோசிக்கறதில்லை. பேக்கரில டீ 12 ரூபாய், பப்ஸ் 20, வெளியில ரெண்டு பெஞ்ச், உள்ள நாலு மேசை. பிறந்தநாள் கேக்கும் அங்கதான். பையன் கஃபேக்குப் போறது மாசத்துல நாலு தடவை, பேக்கரிக்குப் போறது நாளுக்கு ரெண்டு தடவை. கஃபே வந்து டீக்கடையை ஒழிச்சுடும்னு பத்து வருஷமா பேசினாங்க. ஒழிஞ்சது ஜூஸ் கடைதான். மில்க் ஷேக் குடிச்ச பசங்கதான் கோல்ட் காபிக்கு மாறினாங்க.

12 மே 2024

ஒருத்தர் கேட்டிருக்கார்: "பால் போடுறவருக்குக் கடை நடத்துற கஷ்டம் என்ன தெரியும்?"

தெரியும் சார். நானும் நடத்தினேன். 2018 பிப்ரவரில திறந்து 2019 டிசம்பர்ல மூடினேன். மச்சானும் நானும் பங்கு. 24 நாற்காலி, சுவர்ல செங்கல் தெரியற மாதிரி பெயின்ட், மஞ்சள் பல்பு, ஒரு கிட்டார். கிட்டாரை யாரும் வாசிக்கலை. ஒரு தந்தி அறுந்துதான் இருந்துது.

மெஷின் சென்னைல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். அதை ஓட்ட வந்த பையன் நல்ல தொழில் தெரிஞ்சவன். 18 கிராம் தூள், 25லிருந்து 30 செகண்ட், 36 கிராம் டிகாஷன், இதுல ஒரு கிராம் பிசகினாலும் கீழ ஊத்திட்டு மறுபடி போடுவான். நுரைக்குக் கொழுப்பு முக்கியமில்ல, புரதம்தான். பால் சில்லுன்னு இருக்கணும், 65 டிகிரி தாண்டினா கருகல் வாசனை வந்துடும். இதெல்லாம் அவன்கிட்ட கத்துக்கினது. பதினாறு வருஷமா பாலை விக்கிறவனுக்கு அதைச் சூடு பண்ணத் தெரியாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா வந்த பசங்கள்ல பத்துக்கு எட்டு பேர் கேட்டது சாக்லேட் சிரப் ஊத்தின கோல்ட் காபி. அதுக்கு அந்த மெஷின் தேவையே இல்ல. மிக்சி போதும்.

நாங்க திறந்தது விஐடில ரிவியரா விழா நடக்கிற சமயம். நாலு நாள் நிக்க இடமில்ல. மச்சான் கல்லாவை எண்ணிட்டு ராத்திரியே ரெண்டாவது கிளைக்கு பாகாயத்துல இடம் பார்க்கலாம்னான். பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கே பேரனுக்குப் பேர் வெச்ச கதை.

கணக்கைச் சொல்றேன். 24 நாற்காலி. கூட்டம் வர்றது சாயங்காலம் நாலுலிருந்து ஒன்பது வரைக்கும், அஞ்சு மணி நேரம். ஒருத்தர் உட்கார்ந்தா ஒன்னேகால் மணி நேரம். ஆக ஒரு நாற்காலிக்கு நாலு பேர். பாதி நாற்காலி காலியாத்தான் இருக்கும்னு வெச்சா 48 பேர். தலைக்கு 110 ரூபாய். 5,280. சாமான் செலவு நூத்துக்கு 35, அதாவது 1,848. வாடகை அப்ப 28,000, நாளுக்கு 933. மூணு பேர் சம்பளம் 42,000, நாளுக்கு 1,400. கரன்ட் 11,000, நாளுக்கு 367. மொத்தம் 4,548. மிச்சம் 732 ரூபாய், அதுல ரெண்டு பங்காளி. பால் போட்டாலே அதைவிட ஜாஸ்தி வரும்.

13 மே 2024

நேத்து எழுதினது தப்பு. ராத்திரி பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 110 தலைக்கு இல்ல, பில்லுக்கு. ஒரு பில்லுக்குச் சராசரி ரெண்டு தலை. நாலு பசங்க வருவாங்க, ஒரு கோல்ட் காபி, ஒரு ஃப்ரைஸ், நாலு ஸ்ட்ரா, ஒரு வைஃபை பாஸ்வேர்டு.

அப்ப 48 பேருக்கு 24 பில். 2,640 ரூபாய். சாமான் 924. மத்தது எல்லாம் அதே. செலவு 3,624. நாளுக்கு ஆயிரம் ரூபாய் கிட்ட நஷ்டம். ரெண்டு வருஷம் இதே தப்பைத்தான் மனசுல செஞ்சுக்கினு இருந்தோம். நேத்து எழுதறப்பவும் கை அதே கணக்கைத்தான் போடுது பாருங்க.

டீக்கடைக்காரர் கணக்கையும் போடுங்க. லிட்டருக்கு 15 டீ. தண்ணி ஊத்துற கையா இருந்தா 18, அவரு ஊத்த மாட்டார். 40 லிட்டருக்கு 600 டீ. 12 ரூபாய்னா 7,200. கடை ஆறுக்குப் பத்து, வாடகை 14,000. நாற்காலி கிடையாது. ஒரு கிளாஸ் டீ குடிக்க மூணு நிமிஷம், மழை பெஞ்சா அஞ்சு. அவரு விக்கிறது டீ, நாம விக்கிறது நாற்காலி. நாற்காலிக்கு என்ன விலைன்னு மெனு கார்டுல எழுத முடியாது. அதுதான் இந்தத் தொழிலோட சிக்கல்.

இன்னொண்ணு. ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனா சாமானுக்கு நாம கட்டின வரியைக் கழிச்சுக்க முடியாது. மெஷினுக்குக் கட்டின 18 சதவீதம் போனது போனதுதான். வருஷ வியாபாரம் 20 லட்சத்துக்குள்ளன்னா ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். உணவுப் பாதுகாப்புக்கு இந்த 2024ல வருஷ வியாபாரம் 12 லட்சம் வரைக்கும் வெறும் பதிவு போதும், வருஷத்துக்கு நூறு ரூபாய், அதுக்கு மேல போனா லைசென்ஸ். இதை முதல்ல ஆடிட்டர்கிட்ட கேளுங்க. எங்க மச்சான் இன்டீரியர் ஆளைத்தான் முதல்ல கேட்டான்.

13 மே 2024, இரவு

ஒருத்தர் எழுதியிருக்கார்: "டீ 12 ரூபாயா? எங்க ஏரியால 15." சரிங்க. உங்க ஏரியால மனுஷங்க நல்லவங்க.

19 மே 2024

கத்திரி வெயில். இன்னைக்குப் பகல்ல பாலாத்துப் பாலம் மேல வண்டில வந்தேன், அனல் மூஞ்சியிலே அறையுது. சுத்தி மொட்டைப் பாறை மலை, ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுது. இந்த ஊர்ல ஏசி இல்லாம கஃபே கிடையாது. கரன்ட் பில்லை போன வாரம் 11,000னு எழுதினேன். அது வருஷ சராசரி. ஏப்ரல், மே மாசத்துல அது எங்கேயோ போகும்.

கொடுமை என்னன்னா ஏசி ஜாஸ்தி ஓடுற மாசத்துலதான் பசங்க ஊருக்குப் போறாங்க. மே நடுவுல பரீட்சை முடிஞ்சு பெட்டியோட காட்பாடி ஜங்ஷன்ல நிப்பாங்க. திரும்பி வர ஜூலை. டிசம்பர்ல மறுபடி கொஞ்ச நாள். வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் வாடகை மட்டும் கட்டணும். நம்ம லைன்ல இந்த வாரம்: டீக்கடை 40லிருந்து 26. ஆட்டோக்காரங்க, கட்டட வேலை ஆளுங்க, வாட்ச்மேன்கள் எங்கேயும் போகலை. 14 லிட்டர் கஃபே 3 லிட்டர். ஒரு கஃபே "இன்டீரியர் ஒர்க்"னு போர்டு மாட்டிப் பூட்டிட்டாங்க. அங்க ஒரு வேலையும் நடக்கலை.

நீங்க இப்ப போய்ப் பார்த்தா கடை காலியாத் தெரியுதேன்னு வாடகை பேசலாம். ஓனரும் குறைப்பார். கேட்கற நேரம் இதுதான். கையெழுத்துப் போடற நேரம் இது இல்ல.

2 ஜூன் 2024

யாரோ கேட்டாங்க, காட்பாடி வேணாம்னா வேலூர் டவுன்ல போடலாமான்னு.

வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், இது ஒரு ஊர் இல்ல, ரெண்டு ஊர். நடுவுல பாலாறு, இந்தக் கரை காட்பாடி, அந்தக் கரை வேலூர் டவுன். தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்களே, அதுல கோயில் கதை 1981ல முடிஞ்சுபோச்சு, ஜலகண்டேஸ்வரர் திரும்ப உள்ள வந்துட்டார். ஆறும் 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடி வாயை மூடிடுச்சு. சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கரைப் பழக்கம் வேற, இந்தக் கரைப் பழக்கம் வேற. 2022ல காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை மூடி வேலை பார்த்தப்ப சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைங்க மூச்சுத் திணறினது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒரு பாலம் மூடினா இங்க வியாபாரமே ரெண்டா கிழியும்.

இந்தக் கரைல 1984ல விஐடியை வேலூர் இன்ஜினியரிங் காலேஜ்னு ஆரம்பிச்சப்ப எங்கப்பா ரெண்டு எருமை வெச்சு படில அளந்து ஊத்திக்கினு இருந்தார். 2001ல பல்கலைக்கழக அந்தஸ்து வந்தப்புறம்தான் ஆந்திரா, பீகார், டெல்லிப் பசங்க குவிஞ்சாங்க. அடுத்த வருஷமே நான் இந்த லைனுக்கு வந்துட்டேன்.

அந்தக் கரைல ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தைப் படுக்கையோட ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரி. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ் போர்டைப் பாருங்க, வங்காளி எழுத்துதான் முன்னாடி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ்லிருந்து வர்ற நோயாளிங்க, கூட வர்றவங்க. ஒரு வாரம்னு வந்து ஒரு மாசம் தங்குவாங்க. அவங்களுக்கு வேண்டியது வாஃபிள் இல்ல. மீன் குழம்பு சாப்பாடு, பொரி, பால் இல்லாத சிவப்பு டீ. காலைல ஆறு மணிக்கு டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க வரிசைல நிக்கிறதுக்கு முன்னாடியும், ராத்திரி ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கினு என்ன பண்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கறப்பவும் அவங்களுக்கு ஒரு கிளாஸ் டீ வேணும். அந்த டீக்கடை மாஸ்டருக்கு வங்காளி நல்லா வரும், ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. அங்க லீவு கிடையாது, செமஸ்டர் கிடையாது. வருஷம் முழுக்க ஒரே அளவு பால். துர்கா பூஜை சமயத்துல மட்டும் பத்து நாள் கொஞ்சம் காத்தாடும்.

சீசன் இல்லாத வியாபாரம் வேணும்னா அந்தக் கரைதான். ஆனா பகடி கேட்பாங்க, கடையே கிடைக்காது.

3 ஜூன் 2024

பகடின்னா என்னன்னு கேட்டவருக்கு: அட்வான்ஸ் திரும்ப வரும், பகடி வராது. காலி பண்ணிட்டுப் போற பழைய கடைக்காரருக்கோ ஓனருக்கோ குடுக்கிற இடத்து மதிப்பு. ரசீது கேட்டா சிரிப்பாங்க.

21 ஜூலை 2024

பசங்க வந்தாச்சு. டீக்கடை 38. பேக்கரி 57. போர்டு மாட்டிப் பூட்டின கஃபே திறக்கலை, அங்க இப்ப ஒரு சவர்மா கடை. ஏழு ஆறாச்சு. நீங்க வந்தாலும் ஏழுதான், கவலைப்படாதீங்க.

அக்கா பையன் எம்.காம் படிக்கிறான். "எல்லாரும் ஏன் ஒரே கேட் வாசல்ல போய் முட்டிக்கிறாங்க, கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன?"ன்னு நான்தான் அவனைக் கேட்டேன். அதுக்கு அவன் 1929லேயே ஹாரல்ட் ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கப் பொருளாதாரக்காரர் பதில் சொல்லிட்டார்னு ஆரம்பிச்சான். நீளமா ஒரு தெரு, ரெண்டு கடை, ஒரே சரக்கு, ஒரே விலை. ஒருத்தன் இந்தக் கோடிலிருந்து கால் தெரு தள்ளி, இன்னொருத்தன் அந்தக் கோடிலிருந்து கால் தெரு தள்ளி இருந்தா ஜனங்களுக்கு நடை மிச்சம். ஆனா ஒருத்தன் நடுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தா மத்தவன் வாடிக்கை கொஞ்சம் இவனுக்கு வரும். அவனும் நகர்வான். கடைசில ரெண்டு பேரும் நடுத் தெருவுல தோளை இடிச்சுக்கினு நிப்பாங்க.

கேட்க நல்லா இருந்துது. அப்பால யோசிச்சேன். ஒரே சரக்கு, ஒரே விலைங்கறது டீக்கடைக்குச் சரி. கேட் வாசல்ல நாலு டீக்கடை ஒட்டி நிக்கிறது அதனாலதான். கஃபேக்கு அது பொருந்தாதே. உட்காரப் போறவன் அரை கிலோமீட்டர் நடப்பான். சொல்லப்போனா கேட் வாசல்ல இருக்கறது அவனுக்குப் பிடிக்காது, வாத்தியார் பார்ப்பார். அப்படின்னா கஃபேக்காரன் மட்டும் எதுக்கு டீக்கடை வாடகை குடுத்து வாசல்ல வந்து நிக்கணும்? எங்க கடையும் வாசல்லதான் இருந்துது. 28,000ல பாதி அந்த வாசலுக்குக் குடுத்த காசு. ஆறு வருஷம் கழிச்சு இப்ப புரியுது. எம்.காம் பையனுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன்.

18 ஆகஸ்ட் 2024

இதுவரைக்கும் நான் எழுதினதை எங்க பொண்ணு மொத்தமா படிச்சிட்டா. படிச்சிட்டுக் கேட்டா: "அப்பா, டீக்கடைல நிக்க மூணு நிமிஷம்னு எழுதியிருக்கியே, யாருக்கு? நானும் என் ஃபிரெண்ட்ஸும் அங்க நின்னு டீ குடிச்சதை நீ எப்பயாவது பார்த்தியா?"

பார்த்ததில்ல. இருபத்திரண்டு வருஷம் அந்த வாசல்ல பால் இறக்கியிருக்கேன். விடியக்காலம் பூக்காரம்மா ஒருத்தங்க வாங்கிக்கினு தள்ளிப் போய்க் குடிப்பாங்க. மத்தபடி பொம்பளைங்க பார்சல்தான். இது எனக்குக் கண்ணுல படவே இல்ல.

அவ ஆக்சிலியம்ல படிச்சவ. காலேஜ் விட்டு பஸ் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் எங்க நிக்கறதுன்னே தெரியாதாம். பேக்கரில ஒரு பப்ஸ் வாங்கினா பத்து நிமிஷம் உட்காரலாம், அப்பால கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்துடுவார். "காந்தி நகர்ல மாடியில ஒரு சின்ன கஃபே இருந்துச்சு. காபி நல்லாவே இருக்காது. ஆனா ஒரு காபி வாங்கினா ஒரு மணி நேரம் யாரும் எங்களை எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க. எண்பது ரூபாய் காபிக்கா குடுத்தோம்? உட்கார இடத்துக்குப்பா."

நாற்காலி விக்கிறோம்னு மே மாசம் நான் சலிப்பா எழுதினேன். ஊர்ல பாதிப் பேருக்கு உட்கார நாற்காலியே இல்லங்கறது தோணலை. நஷ்டக் கணக்கு மாறலை, அது அப்படியேதான் இருக்கு. ஆனா எந்த நாற்காலி, எங்க போடணும்ங்கறது வேற கேள்வி. எங்க கடைல வாசல்லயே நாலு பைக்கை நிறுத்திக்கினு பசங்க சாய்ஞ்சு நிப்பாங்க. கூட்டம்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். அந்த வாசலைத் தாண்டி எத்தனை பொண்ணுங்க உள்ள வராம போயிருப்பாங்களோ.

கேள்வி கேட்ட தம்பி, இதைக் கொஞ்சம் யோசிங்க. அந்த மாடிக் கடை எதனால மூடிச்சுன்னு விசாரிச்சேன். நஷ்டத்துல இல்லையாம். ஓனர் வீட்டுக் கல்யாணத்துக்கு இடம் வேணும்னு காலி பண்ணச் சொல்லிட்டாராம்.

6 அக்டோபர் 2024

ஜூன்ல எழுதினதுக்குத் திருத்தம். அந்தக் கரைல சீசன் இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். ஆகஸ்ட் 5 அன்னைக்கு பங்களாதேஷ்ல ஆட்சி கவிழ்ந்து ஷேக் ஹசீனா இந்தியாவுக்கு வந்தாங்க இல்ல, அப்பாலேர்ந்து அங்க விசா கொடுக்கறது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. அந்தத் தெருவுக்குப் பால் போடற நம்ம தோஸ்த் நேத்து சொன்னான், ஒரே சந்துல நாலு டப் இருந்தது ரெண்டரை ஆயிடுச்சாம். கொல்கத்தா, அசாம் ஆளுங்க வர்றாங்க, லாட்ஜ் மூடலை. ஆனா ரூம் வாசல்ல செருப்பு குறைஞ்சிருக்கு. டாக்காவுல நடந்ததுக்கும் தோட்டப்பாளையத்துல ஒரு டீ மாஸ்டர் சம்பளம் குறைஞ்சதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யார் நினைச்சா.

2022ல சிஎம்சியோட ராணிப்பேட்டை கேம்பஸ் திறந்தப்பவும் கொஞ்சம் கூட்டம் அந்தப் பக்கம் போச்சு. ஆக அங்கயும் காத்து அடிக்குது. எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்னு காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

1 டிசம்பர் 2024

புயல் மழை. டீக்கடை இன்னைக்கு 52 லிட்டர், பத்து மணிக்கே போன் பண்ணி இன்னொரு டப் கேட்டார். கஃபே எல்லாம் காலி. டெலிவரி ஆர்டர் வரும்னு ஒருத்தர் காத்திருந்தார். செயலிக்காரனுக்குக் கமிஷன் குடுத்து, மூடி போட்ட கப்புல காபி வீட்டுக்குப் போறதுக்குள்ள நுரை செத்துடும். என் அனுபவத்துல காபி பார்சலுக்கு ஆன பண்டம் இல்ல. மொமோஸ் போகும்.

23 பிப்ரவரி 2025

ஒன்பது மாசம் கழிச்சு தம்பி பதில் போட்டிருக்கார். 600 சதுர அடி கடையை எடுக்கலையாம். நண்பன் ஒதுங்கிட்டானாம். நல்லது, ரெண்டு பங்காளிக்கு ஒரு கல்லா போதாது. இவரு இப்ப காந்தி நகர் உள் தெருவுல ஒரு வீட்டு முன் பக்கம் பார்த்திருக்கார். 220 சதுர அடி, 11,000 வாடகை, 10 நாற்காலி. மெஷின் இல்ல, ஃபில்டர் காபியும் டீயும். வாசல்ல பைக் நிறுத்தக் கூடாதுன்னு போர்டு. அக்கா ஒருத்தங்க அடையும் கொழுக்கட்டையும் செஞ்சு தர்றதா ஒத்துக்கிட்டாங்களாம்.

என் கருத்து கேட்டார். சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கொட்டை விலையைப் பார்த்தீங்களா? பிரேசில்லயும் வியட்நாம்லயும் விளைச்சல் கெட்டு, இந்த மாசம் உலக மார்க்கெட்ல அராபிகா காபிக்கொட்டை இதுவரைக்கும் பார்க்காத உச்சத்துக்குப் போச்சு. நம்ம ஊர் அரைவைக் கடைல மூணு மாசத்துல ரெண்டு தடவை விலையை அழிச்சு எழுதிட்டாங்க. சிக்கரியை ஏத்தி சமாளிக்கத் தோணும். நூத்துக்கு 30க்கு மேல போகாதீங்க, கசப்பு தொண்டைல நிக்கும், குடிக்கிறவங்க காரணம் சொல்ல மாட்டாங்க, வர மாட்டாங்க. 19 கிலோ சிலிண்டர் மாசம் ஒண்ணாம் தேதி விலை மாறும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

10 நாற்காலிக்கு என் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 20 பேர், 10 பில். பத்தலை. ஆனா அந்தப் பக்கம் காலைல வாக்கிங் போறவங்க இருக்காங்க, ரிட்டயர் ஆனவங்க, பேப்பர் படிக்க வருவாங்க. அவங்களுக்கு மே மாச லீவு கிடையாது. மத்தியானம் பொண்ணுங்க. சாயங்காலம் யாருன்னு எனக்குத் தோணலை. தம்பி ட்யூஷன் விடுற நேரம்ங்கறார். பார்க்கலாம்.

24 பிப்ரவரி 2025

பொண்ணுகிட்ட காட்டினேன். "உள்ள பிளக் பாயின்ட் எத்தனை, பாத்ரூம் இருக்கா?"ன்னா. காபியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. தம்பி, பாத்ரூம் இருக்கா?

25 பிப்ரவரி 2025

இருக்காம். வீட்டோடது, பின்பக்கம். அதுக்குத் தாழ்ப்பாள் சரியில்லையாம். முதல்ல அதை மாத்துங்க, மஞ்சள் பல்பு அப்பால வாங்கலாம்.

9 மார்ச் 2025

திறந்தாச்சு. நான் போகலை, ஞாயித்துக்கிழமை லைன் ஜாஸ்தி. பொண்ணு போயிருந்தா. டீ சுமார், காபி பரவாயில்ல, அடை தீர்ந்துபோச்சு, ரெண்டு தாத்தா ஒரே பேப்பருக்குச் சண்டை போட்டாங்களாம். தாழ்ப்பாள் புதுசாம்.

நாளைலிருந்து பால் கேட்டிருக்கார், 10 பாக்கெட். என் லைன்லேயே சின்ன ஆர்டர் இதுதான். அந்தத் தெருவுக்காகத் தனியா வண்டியைத் திருப்பணும். மூணு மாசம் பார்க்கறேன்னு சொல்லியிருக்கேன். தம்பி, காசு அன்னன்னைக்கு. நோட்டுல எழுதற பழக்கம் நம்மகிட்ட இல்ல.

ஜூன்ல இங்க வந்து எத்தனை பாக்கெட்னு எழுதறேன்.